ஆட்சேபணை உண்டா?

எய்லா மொய்லானென்னுக்குத் தொண்டை கட்டியது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை முழுவதும் சூடான பெர்ரிச் சாறும் தேனுமாகக் குடித்துத் தீர்த்தாள். சாயங்காலம் சானா என்கிற நீராவி அறையில் உட்கார்ந்து ஆவி பிடித்தாள். சனிக்கிழமை காலையில் கண்ணாடி முன் நின்று "காலை வணக்கம்" சொல்லிப் பார்த்தபோது, எண்ணெய் போடாத கதவு திறக்கிற சத்தம் வந்தது.

வேறு எந்தக் குழுவாக இருந்தாலும் மாற்று வழிகாட்டிக்கு ஒரு போன் போட்டுவிட்டுப் போர்வைக்குள் திரும்பியிருப்பாள். ஆனால் இன்றைக்கு வருவது கொர்பியார்வி பஸ். அதை இன்னொருத்தியிடம் விட அவளுக்கு மனசு வரவில்லை. கம்பளிச் சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, ஈரப்பனி தூறுகிற தெருவில் இறங்கி நடந்தாள்.

ஹெல்சிங்கியைச் சுற்றிக் காட்டுவது அவளுக்கு இருபது வருஷத்துக்கு மேலாகத் தொழில். பிறந்ததும் வளர்ந்ததும் இதே ஊரில்தான், ஊர்மேல் அவளுக்கு இருக்கிற பெருமை கொஞ்சநஞ்சமல்ல. திமிர் பிடித்த கோபுரங்கள் பல நகரங்களில் உண்டு, கடலுக்கும் பாறைக்கும் நடுவே இப்படி அடக்கமாக உட்கார்ந்திருக்கிற தலைநகரம் எங்கே உண்டு என்று கேட்பாள். ஜெர்மன்காரர்கள் அவள் பேச்சைக் கேட்டுத் தலையாட்டுவார்கள். இத்தாலிக்காரர்கள் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுப்பார்கள். ஜப்பானியர்கள் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். எல்லாரும் கைதட்டுவார்கள், போவார்கள். அதற்குப் பிறகு ஒருத்தர் முகத்தைக்கூட அவள் பார்த்ததில்லை.

கொர்பியார்விக்காரர்கள் வேறு ரகம். வடக்கே கைனு மாகாணத்தில் காட்டுப் பக்கத்து ஊர், ஒரு நாள் முழுக்க பஸ் பயணம். அங்கே நாடக ரசிகர் சங்கம் ஒன்று இருக்கிறது. வருஷா வருஷம் நவம்பர் மாதத்தில் தலைநகருக்கு வருவார்கள். இரவு ஓட்டலில் தங்கல், காலையில் எய்லாவுடன் ஊர் சுற்றல், மதியம் நாடகம், முடிந்ததும் பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். கைதட்டல் கிடையாது. சிரிப்பு கிடையாது. எய்லா எத்தனை நகைச்சுவை எடுத்து விட்டாலும் ஏரியில் போட்ட கல் மாதிரி முழுகிப் போகும். "கேள்வி ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் முப்பது பேரும் தங்கள் பூட்ஸைப் பார்ப்பார்கள். ஆனால் அடுத்த நவம்பரில் அதே முகங்கள் திரும்பி வந்து நிற்கும்.

திரும்பி வருவதுதான் அவர்களுடைய கைதட்டல் என்று எய்லா மனதில் முடிவு கட்டி வைத்திருந்தாள். தன் பேச்சு வீண்போகவில்லை என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே சாட்சி அந்த பஸ்தான்.

ரயில் நிலையத்தின் எதிரே பஸ் நின்றிருந்தது. முன்வாசலில் ஏறியதும் ஓட்டுநர் யோர்மா வழக்கம்போல் ஃப்ளாஸ்க் மூடியில் காப்பி ஊற்றி நீட்டினான்.

"என்ன எய்லா, தொண்டைக்குள்ள மரம் அறுக்கிறியா?"

"காலைல இப்படித்தான் இருக்கும். பேசப் பேசச் சரியாயிடும்."

"பேசு, பேசு. கடைசித் தடவை, வாயாரப் பேசிடு."

"என்னது கடைசி?"

யோர்மா பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "உன்கிட்ட யாருமே சொல்லலையா? போச்சு, நான்தான் வாயை விட்டேனா. அடுத்த வருஷம் கடல் தாண்டித் தாலினுக்குக் கப்பல் ஏறுறாங்க. வெந்நீர்க் குளம், மசாஜ், சேறு பூசி உட்கார வைக்கிறது, எல்லாம் சேர்த்து. வசந்தகாலக் கூட்டத்துலயே முடிவாயிடுச்சு."

"யார் முடிவு பண்ணது?"

"எல்லாரும்தான். ஒருத்தர்கூட ஆட்சேபிக்கலை."

அந்தக் கூட்டம் எப்படி நடந்திருக்கும் என்று எய்லாவுக்குச் சொல்லாமலே தெரியும். இந்த நாட்டில் மூன்று பேர் சேர்ந்து காளான் பறிக்கப் போனாலும் அதற்கொரு தலைவர் இருப்பார், தலைவரிடம் ஒரு மரச் சுத்தியல் இருக்கும். கொர்பியார்வி சங்கத்துக்குத் தலைவர் தவுனோ. பால்பண்ணையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், நெட்டையான மனிதர், கழுத்துப் பட்டி இல்லாமல் தலைநகருக்குள் காலடி வைக்க மாட்டார். தீர்மானத்தைப் படிப்பார். "ஆட்சேபணை உண்டா?" என்பார். ஒரு மூச்சு விடுகிற நேரம் காத்திருப்பார். சுத்தியல் 'டொக்' என்று விழும். வாயைத் திறக்கவில்லை என்றால் சம்மதம், அவ்வளவுதான் சட்டம். அந்த ஊர்க்காரர்களிடம் போய் இப்படி ஒரு சட்டத்தைக் கொடுத்தால் என்ன ஆகும். அங்கே எந்தத் தீர்மானமும் தோற்றதாகச் சரித்திரமே இல்லை.

எய்லா பஸ்ஸின் உள்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷமும் அவர்கள் என் பேச்சைப் பொறுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள், பொறுமை தீர்ந்ததும் போகிறார்கள் என்று நினைத்தாள். கோபம்கூட வரவில்லை. வெட்கமாக இருந்தது. காப்பியை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு மைக்கைக் கையில் எடுத்தாள். கடைசி என்றால் கடைசி, ஒழுங்காகவாவது செய்து முடிப்போம் என்று வைராக்கியம் வந்தது.

"எல்லாருக்கும் காலை வணக்கம். இடது பக்கம்..."

'இடது'க்கு மேல் சத்தம் வரவில்லை. தொண்டையைச் செருமினாள். மறுபடி முயன்றாள். காற்று மட்டும் வந்தது.

"மைக் போச்சா?" என்று யோர்மா அதைத் தட்டினான். பஸ் முழுக்க 'டப் டப்' என்று கேட்டது.

எய்லா தலையை ஆட்டித் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். பிறகு அவன் காதருகே குனிந்து, "என்னால முடியாது. அவங்களைக் கொண்டுபோய் நாடக அரங்கத்துக் காப்பிக் கடையில விட்டுடு" என்று கிசுகிசுத்தாள். அவள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

முதல் இருக்கையில் இருந்த தவுனோவுக்கு அது காதில் விழுந்தது. எழுந்தார். கழுத்துப் பட்டியை நேராக்கினார். சுத்தியல் ஊரில் இருந்ததால் விரல் முட்டியை இருக்கையின் முதுகில் வைத்தார்.

"விஷயம் என்னன்னா, வழிகாட்டிக்குக் குரல் போயிடுச்சு. நேரா அரங்கத்துக்குப் போய் நாடகம் தொடங்குற வரைக்கும் காப்பிக் கடையில உட்காரலாம்னு தீர்மானம் கொண்டு வர்றேன். ஆட்சேபணை உண்டா?"

அமைதி. எய்லா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தவுனோவின் விரல் மேலே எழுந்தது.

"இருக்கு."

குரல் கடைசி வரிசையிலிருந்து வந்தது. முப்பது தலைகளும் திரும்பின. பேசியது வெய்க்கோ. காட்டில் மரம் வெட்டும் இயந்திரத்தை ஆயுள் முழுவதும் தன்னந்தனியாக ஓட்டியவன். அவன் வாயிலிருந்து எய்லா இதுவரை கேட்டது, மூச்சை உள்ளே இழுத்தபடி சொல்கிற 'ம்' ஒன்றுதான். இப்போது அவன் முகம் காது வரை சிவந்திருந்தது.

தவுனோவின் விரல் அந்தரத்தில் நின்றது. ஆட்சேபணை வந்தால் அடுத்து என்ன செய்வதென்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இதுவரை வந்ததில்லை.

"என்ன ஆட்சேபணை?" என்றார் கடைசியில்.

வெய்க்கோ எழுந்து நின்றான். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினான். அங்கே ரயில் நிலையத்தின் பெரிய வாசலுக்கு இரண்டு பக்கமும் கருங்கல் மனிதர்கள் நிற்கிறார்கள், பக்கத்துக்கு இரண்டு பேர், ஆளுக்கொரு உருண்டை விளக்கைக் கையில் ஏந்திக்கொண்டு.

"இடது பக்கம் பாருங்க," என்றான். "அந்த நாலு பேரும் கைனுக்காரங்க. நூறு வருஷத்துக்கு மேல பக்கத்துல பக்கத்துல நிக்கிறாங்க. இதுவரைக்கும் ஒருத்தன் இன்னொருத்தனைப் பார்த்து..."

இங்கே நிறுத்தினான். எய்லா எப்போதும் நிறுத்துகிற அதே இடம்.

"...கை வலிக்குதான்னு கேட்டதில்ல."

பஸ் சிரித்தது. லேசாக அல்ல. இத்தனை வருஷமாகக் கடன் வைத்திருந்த சிரிப்பையெல்லாம் சேர்த்து ஒரே நேரத்தில் கொட்டியது போல் சிரித்தார்கள். யோர்மா ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக் குலுங்கினான்.

"கேட்டாலும் அவன் 'ம்'முன்னுதான் சொல்லப்போறான்," என்று வெய்க்கோ சொந்தமாக ஒன்றைச் சேர்த்துவிட்டுச் சட்டென்று உட்கார்ந்தான். வாழ்நாளில் அவ்வளவு நீளமாக அவன் பேசியதில்லை.

எய்லா வாய் பிளந்து நின்றாள். அவளுடைய வார்த்தை, அவளுடைய நிறுத்தம், 'பாருங்க'வில் அவள் கொடுக்கிற இழுப்புகூட அப்படியே.

நடு வரிசையிலிருந்து ஹில்க்கா கிளம்பினாள். கூட்டுறவுக் கடையில் மீன் பிரிவைக் கட்டி ஆண்டவள், ஆள் வாட்டசாட்டம். இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு முன்னால் வந்து எய்லாவின் கையிலிருந்த மைக்கை உரிமையோடு வாங்கினாள்.

"யோர்மா, வண்டியை எடு. இவன் பாதியைத்தான் சொன்னான். அந்த வாசல் வளைவைப் பத்திச் சொல்ல வேணாமா?"

"வளைவு அப்புறம்தான் வரும், ஹில்க்கா. முதல்ல கடிகாரக் கோபுரம்," என்று யாரோ பின்னாலிருந்து திருத்தினார்கள்.

"நீ வந்து பேசுறியா?"

"நான் எதுக்கு? நீ தப்பாச் சொன்னா சொல்றேன்."

அப்படியே போனது அன்றைய காலை. வெள்ளைத் தேவாலயத்தின் முன்னால் ஹில்க்கா, கூரைமேல் சிலையாக நிற்கிற ஏசுவின் பன்னிரண்டு சீடர்களையும் காட்டி, "கடல்லேர்ந்து வர்றவன் முதல்ல பார்க்கிறது இவங்களைத்தான், அதனாலதான் இந்தத் துறைமுகத்துல கள்ளக்கடத்தல்காரன்கூட தொப்பியைக் கழட்டிட்டு இறங்குவான்" என்றாள். அது எய்லா வருஷா வருஷம் அடிக்கிற கதை. படிக்கட்டைப் பற்றிச் சொல்ல ஒரு பல்மருத்துவரின் மனைவி முன்வந்தாள். உள்ளே உட்கார்ந்தவர்களைவிட வெளியே இந்தப் படியில் உட்கார்ந்தவர்கள்தான் அதிகம், வெயில் அடிக்கிற நாளில் மடியில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு உட்கார்ந்தால் அதுவும் பிரார்த்தனைக் கணக்கில்தான் சேரும் என்று எய்லா சொல்வதை வார்த்தை மாறாமல் சொன்னாள். பெரிய நூலகத்தின் முன்னால் இரண்டு கிழவர்களுக்குள் சண்டையே வந்தது. தையல் மெஷின் இருப்பது இரண்டாம் மாடியா, மூன்றாம் மாடியா என்று. இரண்டு பேரும் எய்லாவைப் பார்த்தார்கள். அவள் இரண்டு விரலைக் காட்டினாள்.

"நான்தான் சொன்னேனே."

"உனக்கு மட்டும்தான் காது இருக்கா? அங்க யார் வேணா போய்த் தைக்கலாம், காசு கிடையாதுன்னு அவ சொன்னதுக்காக நான் போன வருஷம் திரைச்சீலையே கொண்டு வந்து தைச்சுட்டுப் போனேன்."

எய்லாவுக்கு அது புதுச் செய்தி. போன வருஷம் அந்தக் கிழவர் திடீரென்று அரை மணி நேரம் காணாமல் போனதும், அவள் தேடி அலைந்ததும் ஞாபகம் வந்தது. என் பேச்சு போரடித்து எங்கோ நழுவிவிட்டார் என்றல்லவா அன்றைக்கு நினைத்தாள்.

கடைசியாகப் பாறைக்கோயில். தெரு நடுவே பாறைக் குன்று இருந்தது, ஆனால் கோயில் வேண்டும். வேறு ஊராக இருந்தால் குன்றை உடைத்துத் தள்ளிவிட்டுக் கோயில் கட்டியிருப்பார்கள். இங்கே பாறைக்குள்ளேயே குடைந்து இறங்கிவிட்டார்கள். சுவரைத் தேய்க்கவில்லை, பூசவில்லை, வெடி வைத்த அடையாளம்கூட அப்படியே இருக்கிறது. தலைக்குமேல் செம்புக் கூரை, அதைச் சுற்றி வட்டமாக வெளிச்சம். எத்தனை தடவை வந்தாலும் எய்லா உள்ளே நுழைந்ததும் தலையை நிமிர்த்தி அதைப் பார்ப்பாள்.

"மழை பெய்தா பாறை வழியாத் தண்ணி கசியும்," என்று ஹில்க்கா இப்போது மைக் இல்லாமல் தணிந்த குரலில் சொன்னாள். "கசியட்டும்னு விட்டுட்டாங்க. வடியறதுக்குக் கீழே வழி மட்டும் வச்சாங்க. பாறையோட..." அவளுக்கு மறந்துவிட்டது. வெய்க்கோவைப் பார்த்தாள்.

"பாறையோட சண்டை போடலை. அதையும் சேர்த்துக்கிட்டுக் கும்பிட்டாங்க," என்றான் வெய்க்கோ.

இதற்குப் பிறகு எய்லாவின் பேச்சில் ஒரே ஒரு விஷயம்தான் பாக்கி, அதற்குக் குரல் தேவையில்லை. கையை உயர்த்தினாள். எல்லாரும் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் யாரும் பேசாமல் இந்த இடத்தைக் கேளுங்கள் என்பது அதன் பொருள். மற்ற குழுக்கள் இதைச் செய்யும்போது ஒருவர் இருமுவார், ஒருவர் பையைத் திறப்பார். இந்த வித்தையில் கொர்பியார்விக்காரர்களை அடித்துக்கொள்ள உலகத்தில் ஆள் கிடையாது.

எய்லா கண்ணை மூடவில்லை. அவர்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷம் இந்த மௌனத்தைப் பார்த்து, இவர்களுக்கு எதுவும் உள்ளே போகவில்லை என்று நினைத்திருந்தாளே, எவ்வளவு பெரிய முட்டாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் எல்லாம் உள்ளே போயிருந்தது. அவளுக்கு அழுகையும் சந்தோஷமும் சேர்ந்து வந்தது, அதோடு தாலினும் ஞாபகம் வந்தது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு எதற்காகப் போகிறார்கள் என்று அவளுக்கு விளங்கவே இல்லை.

அதை அவளால் கேட்கவும் முடியவில்லை. ஆனால் யோர்மா கேட்டான். நாடகத்தின் இடைவேளையில், சங்கத்தின் பெயர் அட்டை வைத்து முன்கூட்டியே பரப்பி வைத்திருந்த காப்பியையும் சால்மன் ரொட்டியையும் சுற்றி எல்லாரும் நின்றபோது, அவன் வாயில் ரொட்டியோடு கேட்டான்.

"எனக்கு ஒண்ணு புரியல. இவ்வளவு மனப்பாடம் பண்ணி வச்சிருக்கீங்க. அப்புறம் எதுக்குத் தாலின்?"

எல்லாரும் பூட்ஸைப் பார்த்தார்கள்.

"எனக்குத் தாலின் வேணாம்," என்றாள் ஹில்க்கா. "இந்த முழங்காலை வச்சுக்கிட்டு நான் நீச்சலுடையில நிக்கணுமா?"

"வேணாம்னா அன்னிக்கு ஆட்சேபிக்க வேண்டியதுதானே?"

"எல்லாருக்கும் ஆசையா இருக்கு, நான் ஒருத்தி எதுக்குக் கெடுக்கணும்னு விட்டேன்."

"யாருக்கு ஆசை? எனக்கா?" என்றார் திரைச்சீலைக்காரர். "எனக்குக் கப்பல்ல தலை சுத்தும். உனக்காகத்தான் நான் சும்மா இருந்தேன்."

"நானும்தான்," என்றாள் பல்மருத்துவர் மனைவி. அதற்குப் பிறகு ஒவ்வொருத்தராக, முணுமுணுப்பாக, அதையே சொன்னார்கள். மெல்ல எல்லார் கண்ணும் தவுனோமேல் போய் நின்றது.

தவுனோ காப்பிக் கோப்பையைத் தட்டில் வைத்தார். "தேவாலயப் படியில ஏறினா கால் வலிக்குதுன்னு ஹில்க்கா கடையில சொன்னா. சரி, பாவம், எல்லாருக்கும் வயசாகுது, வாய் விட்டுச் சொல்ல மாட்டேங்கிறாங்க, நாமளே ஒரு வழி பண்ணுவோம்னுதான் கொண்டு வந்தேன். எனக்கு என்ன, மசாஜ் மேல ஆசையா?"

"கால் வலிக்குதுன்னுதான்யா சொன்னேன். நிறுத்திக்கிறேன்னு சொன்னேனா?"

"ஆட்சேபணை உண்டான்னு கேட்டேனே."

"நீ ஒரு மூச்சு நேரம்தானே விடுவ. வாயைத் திறக்கறதுக்குள்ள டொக்குன்னு அடிச்சுட்ட."

யோர்மா சிரித்துப் புரையேறினான். முப்பது பேரில் ஒருத்தருக்குக்கூடப் போக விருப்பமில்லாத ஊருக்கு முப்பது பேரும் ஏகமனதாகப் போக முடிவு செய்திருந்தார்கள். இது வேறு எந்த ஊர்க்காரர்களாலும் ஆகிற காரியமல்ல.

எய்லா தூணருகே நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். தவுனோ அவளைத் திரும்பிப் பார்த்தார். அவர் காது மடல் சிவந்தது. மேஜையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்து, கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார்.

"வசந்தகாலக் கூட்டத்துத் தீர்மானத்தை மறுபடி எடுத்துக்கிறோம். அடுத்த நவம்பர்ல வழக்கம்போல ஹெல்சிங்கி, வழக்கம்போல எய்லா. இது தீர்மானம். ஆட்சேபணை உண்டா?"

யாரும் பேசவில்லை. தவுனோ இந்த முறை அவசரப்படவில்லை. கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார். எய்லா தூணைப் பிடித்துக்கொண்டாள். இந்த மௌனம்தான் வசந்தத்தில் அவளிடமிருந்து பஸ்ஸைப் பிடுங்கிக்கொண்டு போனது. இப்போது அது உடையக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு நின்றாள். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள், அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்து மேஜைகளில் கோப்பைகள் கலகலத்தன. இந்த மேஜையைச் சுற்றி முப்பது பேரும் பிடிவாதமாக வாயை மூடிக்கொண்டு நின்றார்கள்.

'டொக்' என்று கரண்டி மேஜையில் விழுந்தது.

நன்றி சொல்ல வேண்டும் என்று எய்லா வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது, ஒரு சத்தமும் வரவில்லை. மறுபடி முயன்றாள். நாடகம் தொடர்வதற்கான மணி அடித்தது. எல்லாரும் கோப்பைகளை அடுக்கிவைத்துவிட்டு உள்ளே போகத் திரும்பினார்கள். வெய்க்கோ மட்டும் அவளைத் தாண்டிப் போகும்போது ஒரு நிமிஷம் நின்றான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அவள் பூட்ஸைப் பார்த்தான்.

"கேட்டுச்சு," என்றான்.